நீச்சல் தெரியாத குன்னூர்க்காரன் ஸ்கூபா போகலாமா? லட்சத்தீவா, அந்தமானா?

வர்க்கிக்கடை (குன்னூர்):

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறக்கிறேன். குன்னூரில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் கடையை விட்டு நகர முடியாது. ஊரே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுலா கிளம்பும் நேரத்தில், அப்படிக் கிளம்பி வந்தவர்களுக்கு நாங்கள் வர்க்கி (எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்) கட்டிக் கொடுத்துக்கொண்டிருப்போம். எங்களுக்கு ஓய்வு என்றால் ஜனவரி கடைசி, பிப்ரவரிதான். பனி விழுந்து, ஏழு மணிக்கு மேல் தெருவில் நாய்கூட இருக்காது.

இந்த முறை மகள் (11 வயது) பிடிவாதமாக நிற்கிறாள். யாரோ தோழி அந்தமானில் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக் கடலுக்குள் இறங்குவது) போய்க் கடலுக்கு அடியில் எடுத்த வீடியோவைக் காட்டியிருக்கிறாள், அதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. லட்சத்தீவா, அந்தமானா, இல்லை மாலத்தீவா என்று மூன்றும் ஓடுகிறது.

என் பிரச்சினை என்னவென்றால், எனக்கு நீச்சல் தெரியாது. இந்தக் குளிரில் எவன் தண்ணீரில் இறங்கிப் பழகுவான். மனைவிக்கு வீசிங் உண்டு, பனிக்காலத்தில் இன்ஹேலர் கையிலேயே இருக்கும். அப்புறம் காது. மேட்டுப்பாளையம் இறங்கும்போதே பர்லியாறு வருவதற்குள் எனக்கு இரண்டு காதும் அடைத்து, யார் பேசுவதும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி கேட்கும். காட் ரோட்டுக்கே இப்படி என்றால் கடலுக்குள் என்ன ஆகும்? சும்மா பயமுறுத்தாமல், போய் வந்தவர்கள் சொன்னால் நல்லது.


அரவங்காடு_பென்ஷன்:

தம்பி, நானும் என் வீட்டம்மாவும் 2017-இல் லட்சத்தீவு போய் வந்தோம். ஸ்கூபா இல்லை, கப்பல் சுற்றுலா. கொச்சியில் ஏறி கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்று தீவும் பார்த்து ஐந்தாம் நாள் கொச்சியில் இறக்கிவிட்டார்கள். பகலில் தீவு, இரவில் கப்பலில் படுக்கை. குன்னூரிலிருந்து கொச்சிக்கு ஒரு பகல் பயணம் போதும், அந்தமானுக்குச் சென்னை போய் விமானம் ஏறுகிற அலைச்சல் இல்லை.

ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். பெரிய கப்பல் தீவுக்குப் பக்கத்தில் போகாது. வெளியே நின்றுவிடும். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கீழே ஆடிக்கொண்டிருக்கும் சின்னப் படகுக்கு நம்மை மாற்றுவார்கள். படகு அலையில் மேலே வரும் அந்த ஒரு நொடியில் காலை எடுத்து வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனால் புடவையோடு என் வீட்டம்மா நின்ற கோலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சுடிதார் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தப் படகு பாறை வரிசையின் இடைவெளி வழியாக உள்ளே நுழைந்ததும் அலை சட்டென்று நின்றுவிடும். வெளியே கருநீலக் கடல் உருண்டுகொண்டிருக்கும், உள்ளே இளம்பச்சையில் தட்டு மாதிரி தண்ணீர், அடியில் மணல் தெரியும். அதுதான் லகூன். தீவைச் சுற்றிப் பவளப்பாறை அணை போட்டதுபோல நிற்கிறது, அலையெல்லாம் அதன்மேல் மோதி உடைந்துபோகிறது. பழைய எரிமலை ஒன்று மெல்ல மெல்லக் கடலில் அமிழ, அதன் ஓரமாக வளர்ந்த பவளம் மட்டும் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே கட்டிக்கொண்டே வந்து கடைசியில் வளையமாக மிஞ்சுகிறது என்று டார்வின் 1842-இல் எழுதினாராம். கப்பலில் கூட வந்த ஒரு வாத்தியார் சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அதைக் கேட்டபோது காலடியில் என்னவோ மாதிரி இருந்தது.

உங்களைப்போல நீச்சல் தெரியாதவனுக்கு லகூன்தான் சரி. லைஃப் ஜாக்கெட் போட்டு, குழாயை வாயில் வைத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்தால் போதும். நான் 61 வயதில் செய்தேன். முன் அனுமதி இல்லாமல் அங்கே இறங்க முடியாது, இந்தியர்களுக்கும் சேர்த்துத்தான். பெரும்பாலும் சுற்றுலா ஏற்பாடு செய்பவர்களே அதை வாங்கித் தருவார்கள், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.


பைக்காரா_பையன்:

வர்க்கி அண்ணே, பயப்படாதீங்க. நாம மலைக்காரங்க, காற்று கம்மியான இடத்தில் பிறந்து வளர்ந்தவங்க, ரத்தமே கெட்டி. ஒரு சிலிண்டரில் மற்றவங்க அரை மணி நேரம் என்றால் நாம ஒரு மணி நேரம் ஓட்டலாம். குளிரும் நமக்குப் பழக்கம், வெட்சூட் (உடம்போடு ஒட்டுற ரப்பர் டிரஸ்) எல்லாம் எதுக்கு, பெர்முடாஸ் போதும். கையில் காசு இருந்தால் மாலத்தீவு போங்க, நமக்கு விசா அங்கே இறங்கியதும் கொடுத்துடுவாங்க. ரிசார்ட் தீவு வேண்டாம், உள்ளூர்க்காரங்க இருக்கிற தீவில் கெஸ்ட் ஹவுஸ் எடுத்தால் செலவு பாதிக்கும் கீழே.


கூடலூர்ப்பொண்ணு:

பைக்காரா தம்பி சொன்னதில் மாலத்தீவு விசா மட்டும் சரி. மற்றதை எல்லாம் அழித்துவிடுங்கள்.

என் சொந்த ஊர் கூடலூர். மூன்று சீசனாக ஹேவ்லாக்கில் (2018 முதல் அதிகாரப்பூர்வமாக ஸ்வராஜ் தீவு, ஆனால் படகுக்காரர் முதல் டீக்கடை வரை இன்னும் ஹேவ்லாக்தான்) டைவ்மாஸ்டராக (ஸ்கூபா போகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகிறவர்) வேலை. மலையில் பிறந்ததால் சிலிண்டர் அதிக நேரம் வராது. பதற்றம் இல்லாமல், கையைக் காலை உதறாமல் இருப்பவர்களுக்குத்தான் காற்று நீடிக்கும். என்னிடம் வந்தவர்களில் மிகக் குறைவாகக் காற்று குடித்தவர் ஒரு ரிட்டயர்டு தபால்காரர், மதுராந்தகத்துக்காரர். குளிரும் அப்படித்தான். அந்தமான் தண்ணீர் 28, 29 டிகிரி இருக்கும், இறங்கியதும் வெந்நீர் மாதிரி தோன்றும். ஆனால் தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். நாற்பது நிமிடத்தில் ஊட்டிக்காரருக்கும் பல் அடிக்கும், பார்த்திருக்கிறேன்.

வர்க்கி அண்ணா, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். முதல் முறை போகிறவர்களுக்கு இருப்பது ட்ரையல் டைவ். அதற்கு நீச்சல் தேவையில்லை. பயிற்சியாளர் உங்கள் பின்னால் சிலிண்டரைப் பிடித்தபடியே கூட்டிப்போவார், 12 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது, நடைமுறையில் ஆறேழு மீட்டர்தான். பத்து வயது நிரம்பியிருந்தால் போதும், மகளும் வரலாம். முறையாகப் படித்து 18 மீட்டர் வரை போகும் ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வேண்டும் என்றால்தான் 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். நேரக் கணக்கு கிடையாது, எந்த நீச்சல் என்றும் கேட்க மாட்டார்கள். கோயம்புத்தூரில் ஏதாவது ஒரு நீச்சல் குளத்தில் இரண்டு மாதம் வாரக் கடைசியில் போய்வந்தாலே வந்துவிடும்.

அண்ணிக்கு வீசிங் இருக்கிறது என்றால் அதை மறைக்கவே கூடாது. படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும், ஆமாம் என்று எழுதினால் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள், அதனால் நிறையப் பேர் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். நீரடியில் பத்து மீட்டரில் நுரையீரலில் இருக்கும் காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை விட்டுக்கொண்டே வந்தால் ஒன்றுமில்லை. மூச்சுக்குழாய் சுருங்கி ஒரு மூலையில் காற்று மாட்டிக்கொண்டால் அது கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். பனிக்காலம் முழுக்க இன்ஹேலர் கையில் இருக்கும் ஆளை நான் கூட்டிப்போக மாட்டேன். நெஞ்சு மருத்துவரிடம் கேட்டுவிட்டு லகூனில் ஸ்நார்கெல் (குழாயை வாயில் வைத்து மேலே மிதந்தபடி பார்ப்பது) செய்யட்டும், அதில் குறை ஒன்றும் இல்லை.

காது. இது மலைக்காரர்களுக்குத்தான் சுலபமாகப் புரியும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது காது மேல் கூடுகிற மொத்த அழுத்தமும், கடலில் இரண்டு மீட்டர்கூட இறங்காமலே வந்துவிடும். ஒரு மணி நேரக் காட் ரோடு, ஓர் ஆள் உயரத் தண்ணீரில். அதனால்தான் முதல் இரண்டு மீட்டரில் எல்லோரும் திணறுகிறார்கள், அதற்குக் கீழே சுலபமாகிக்கொண்டே போகும். வலி வந்தபிறகு சரிசெய்ய நினைக்கக்கூடாது. தலையை நனைத்ததிலிருந்தே, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும், அரை மீட்டருக்கு ஒரு தடவை. திறக்கவில்லையா, ஒரு முழம் மேலே ஏறி மறுபடி செய்யுங்கள். மூக்கைச் சிந்துவதுபோல பலமாக ஊதாதீர்கள், செவிப்பறை போய்விடும். இப்போதிருந்தே காட் ரோட்டில் பழகுங்கள், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு முறை.

அப்புறம், ஜனவரியில் நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் பாதிப் பேர் சளியோடுதான் வருகிறார்கள். மூக்கடைப்பு இருந்தால் டைவ் கிடையாது. மாத்திரை போட்டு அடைப்பைத் திறந்துகொண்டு இறங்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்தால் மேலே வரும்போது காற்று வெளியேற வழியிருக்காது, அது இறங்கும்போது வரும் வலியைவிட மோசம். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே கீழே இறங்கி வெயில் காயுங்கள்.


கொடை_ப்ளம்ஸ்:

எல்லாரும் போவதைப் பற்றியே பேசுகிறீர்கள். திரும்பி வருவதைப் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு நடந்தது.

வீடு கொடைக்கானல். புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் முடித்தேன், போன வருடம் மார்ச்சில் மறுபடி போய்க் காலையில் இரண்டு டைவ் அடித்தேன், ஒன்று 18 மீட்டர், இன்னொன்று 14. பத்தரை மணிக்கெல்லாம் கரைக்கு வந்துவிட்டோம். எங்களைக் கூட்டிப்போனவர் பொறுப்பானவர், ஒன்றும் குறை சொல்ல முடியாது, எல்லோரிடமும் கேட்பதுபோல என்னிடமும் "இன்னைக்கு ஃப்ளைட் இருக்கா?" என்று கேட்டார். இல்லை, கார்தான், வீட்டுக்குத்தான் என்றேன். சரி, தண்ணீர் நிறையக் குடி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீடு எங்கே என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

சாப்பிட்டுவிட்டு விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் வழியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். வத்தலக்குண்டில் டீ குடித்தபோது ஒன்றும் இல்லை. டம் டம் பாறை தாண்டியதும் இடது முழங்கையில் ஒரு வலி. ஸ்டியரிங் பிடித்த வலி என்று நினைத்தேன். ஊத்து வரும்போது தோள்பட்டை. பெருமாள்மலையில் கியர் மாற்ற முடியவில்லை. அழுத்திப் பார்த்தால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை, எலும்புக்கு உள்ளே யாரோ திருகுவது மாதிரி. வீட்டுக்கு வந்தது இரவு ஒன்பது மணி. மார்பில் சிவப்பாக அரிப்பு வேறு. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில், ரொம்ப தூரம் ஓட்டியதால் தசைப்பிடிப்பு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, மலையில் எத்தனை பேர் கடலுக்குள் போய்விட்டு வந்து நிற்கிறார்கள்.

பதினோரு மணிக்கு அந்த டைவ்காரருக்கே போன் போட்டேன். வலியைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ இப்ப எங்க இருக்க?" கொடைக்கானல் என்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "கொடைக்கானல்னா ஏழாயிரம் அடிடா, நீ ஃப்ளைட்ல ஏறி உக்காந்திருக்க, இறங்கவே இல்ல" என்றார்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். வைத்தார்கள். அங்கிருந்தே ஆம்புலன்சில் ஆக்சிஜனோடு கீழே. வத்தலக்குண்டு வந்தபோது வலி பாதியாகக் குறைந்திருந்தது, எனக்கே நம்பமுடியவில்லை. மறுநாள் ஒரு பெரிய ஊரில் அழுத்த அறைக்குள் படுக்கவைத்து, மறுபடியும் கடலுக்குள் இறக்குவது மாதிரி அழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜன் கொடுத்து, மெதுவாகக் குறைத்தார்கள். இப்போது சரியாகிவிட்டது. ஆனால் பல மாதம் டைவ் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

காரணம் பிறகு விளங்கியது. ஆழத்தில் அழுத்தத்தோடு மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து போய் உட்கார்ந்துகொள்கிறது. மேலே வந்தபிறகு மூச்சு வழியாக அது மெல்ல வெளியேற மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் நாம் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் குமிழாகிவிடுகிறது. காட்ரோட்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே வரும்போது உப்பி, வெடிக்கிற மாதிரி நிற்குமே, நம் ஊர்க் குழந்தைகள்கூடப் பார்த்திருக்கும். அது மூட்டுக்குள் நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.


பைக்காரா_பையன்:

அய்யோ. ஃப்ளைட்டில் போகக்கூடாது என்று கேள்விப்பட்டிருக்கேன், வீட்டுக்கே போகக்கூடாது என்று இப்பதான் கேள்விப்படறேன். நான் மேலே எழுதியதை வாபஸ் வாங்கிக்கறேன்.


கூடலூர்ப்பொண்ணு:

கொடை அண்ணா, உடம்பு சரியானதே பெரிய விஷயம். நீங்கள் எழுதியதை எங்கள் கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இனிமேல் ஃப்ளைட் இருக்கா என்று மட்டும் கேட்கப்போவதில்லை, வீடு எங்கே என்றும் கேட்போம்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் (டைவ் அடிப்பவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பு) சொல்லும் கணக்கு இதுதான். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் இரண்டு, மூன்று அடித்தாலோ, பல நாள் தொடர்ந்து அடித்தாலோ குறைந்தது 18 மணி நேரம். நான் எப்போதும் 24 என்றே சொல்வேன், கடைசி நாளில் தீவைச் சுற்றிப் பாருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. இந்தக் கணக்கு கேபின் அழுத்தம் (விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம்) 2,000 அடியிலிருந்து 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கும் விமானங்களுக்கானது. இப்போது நம் ஊர்களை வைத்துப் பாருங்கள். குன்னூர் ஆறாயிரத்துச் சொச்சம், கொடைக்கானல் ஏழாயிரம், ஊட்டி 7,300-க்கு மேல். எல்லாமே அந்த எல்லைக்குள். கூடலூர் மட்டும் கொஞ்சம் தாழ்வு, அதுவும் மூவாயிரம் அடிக்கு மேல்தான். ஊட்டிக்காரர் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது விமானத்தில் பறந்துகொண்டிருக்கும் ஆள்தான்.

மலைக்காரர்கள் மாட்டிக்கொள்வது புதுச்சேரி, சென்னைப் பக்கம் கோவளம் மாதிரி காரிலேயே போய் வரும் இடங்களில்தான். விமானம் ஏறுகிறவனை எல்லோரும் தடுப்பார்கள், கார் ஏறுகிறவனை யாரும் தடுக்க மாட்டார்கள். எங்கள் கூடலூர்ப் பசங்க பைக்கிலேயே முருடேஸ்வரம் போய் நேத்ராணித் தீவில் டைவ் அடித்துவிட்டு அன்று இரவே கிளம்புவார்கள், அவர்களுக்கும் இந்த இழையை அனுப்பியிருக்கிறேன்.


வர்க்கிக்கடை (குன்னூர்):

கொடை அண்ணன் எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், தப்பு செய்துவிட்டேன், இப்போது பயணமே வேண்டாம் என்கிறாள். அவளைச் சமாதானப்படுத்த ஒன்று தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தமானில் கடைசி டைவுக்குப் பிறகு ஒரு நாள் முழுக்க சும்மா இருந்துவிட்டு, மறுநாள் சென்னை, அங்கிருந்து கோயம்புத்தூர் என்று பறந்து, மாலையில் குன்னூர் ஏறினால் பரவாயில்லையா? இல்லை மேட்டுப்பாளையத்தில் ஒரு ராத்திரி லாட்ஜ் எடுக்க வேண்டுமா? வீடு முப்பத்திச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்க மேட்டுப்பாளையத்தில் ரூம் போட்டேன் என்று தெரிந்தால் ஊரில் வேறு மாதிரி பேசுவார்கள்.


கூடலூர்ப்பொண்ணு:

சிரித்துவிட்டேன் அண்ணா. லாட்ஜ் வேண்டாம். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து விமானம் ஏறினாலே மலைக்கான காத்திருப்பும் அதில் முடிந்துவிட்டது, விமானத்துக்குள் நீங்கள் ஏற்கெனவே குன்னூர் உயரத்தில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். தொட்டபெட்டா மட்டும் 8,600 அடிக்கு மேல், அந்தக் கணக்கையே தாண்டுகிறது, ஊர் திரும்பிய அன்றைக்கே சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அங்கே ஏறாதீர்கள். லட்சத்தீவிலிருந்து கப்பலில் வந்தால் இன்னும் நல்லது, கொச்சி வரவே பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும், அவ்வளவு நேரமும் கடல் மட்டத்திலேயே இருப்பீர்கள். அகத்தியிலிருந்து (லட்சத்தீவில் விமான நிலையம் இருக்கும் தீவு) விமானம் என்றால் அந்தமான் கணக்குதான்.

அண்ணியிடம் இதையும் சொல்லுங்கள். ட்ரையல் டைவில் ஆறேழு மீட்டரில் அரை மணி நேரம் இருப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. கொடை அண்ணா 18 மீட்டர் வரை போய் இரண்டு டைவ் அடித்துவிட்டு அப்படியே மலை ஏறியவர். நான் முதல் முறை இறங்கியபோது பயந்தது இதற்கெல்லாம் இல்லை, சத்தத்துக்கு. கடலுக்குள் அமைதியாக இருக்கும் என்று நினைத்துப் போனேன், பாறைக்குப் பக்கத்தில் கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று பொரிகிறது. சிலிண்டர் வெடிக்கப்போகிறது என்று நினைத்துப் பயிற்சியாளர் கையைப் பிறாண்டிவிட்டேன். சின்னச் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தமாம். அன்றைக்குக் கையில் கோயில் கயிறு கட்டியிருந்தேன், நல்ல சிவப்பு. கீழே பார்க்கிறேன், கறுப்பாக இருக்கிறது. சிவப்பு வெளிச்சம்தான் முதலில் செத்துப்போகும். டார்ச் அடித்துக் காட்டினார்கள், சிவப்பு திரும்பி வந்தது. மகளுக்கும் ஒரு சிவப்புக் கயிறு கட்டிக் கூட்டிப்போங்கள்.


கேத்தி_கேரட்:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. வீடியோவில் பார்த்த நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நான் 2024 டிசம்பரில் அகத்தி போனேன். லகூன் அழகு, ஆமைகள் காலடியில் புல் மேய்ந்துகொண்டிருந்தன, அதில் ஏமாற்றம் இல்லை. ஆனால் பவளம் பல இடங்களில் சாம்பல் நிறத்தில் பாசி பிடித்துக் கிடந்தது. அந்த வருடம் கோடையில் கடல் சூடேறி வெளுத்துப்போனதாம். லட்சத்தீவில் 1998, 2010, 2016 என்று முன்பும் நடந்திருக்கிறது, அந்தமானும் தப்பவில்லை.

நான் தேயிலைக்காரன், எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். பவளம் என்பது கல் இல்லை, சின்னச் சின்ன உயிர்கள். அதன் உடம்புக்குள் ஒரு பாசி குடியிருந்து சோறு போடுகிறது, நிறமும் அதனால்தான். கடல் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி வாரக்கணக்கில் அப்படியே நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. வெள்ளையாக நிற்கும், ஆனால் உடனே சாகாது. உறைபனியில் கருகின தேயிலை மாதிரிதான். பார்த்தால் தோட்டமே போய்விட்டது என்று தோன்றும், சில செடி கவாத்து செய்தால் துளிர்க்கும், சிலது வேரோடு போயிருக்கும். எது எது என்று மார்ச் வரை தெரியாது. பவளத்துக்கு ஒரு மார்ச் போதாது, பத்து வருடம் வேண்டும், அதற்குள் அடுத்த சூடு வந்துவிடுகிறது.

அதனால் காலை அதன்மேல் வைக்காதீர்கள். நீச்சல் தெரியாதவர்கள்தான் பயத்தில் பாறைமேல் ஏறி நிற்கிறார்கள், நான் போன படகிலேயே இரண்டு பேர் நின்றார்கள், சொன்னால் முறைக்கிறார்கள். நம் புல்வெளியில் தடுப்பைத் தாண்டி வண்டியை ஏற்றிவிட்டு செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்து நாம் எப்படிக் கத்துவோம், அந்தத் தீவுக்காரருக்கு நாம்தான் அந்த ஆள். கரையில் கிடக்கிற செத்த பவளத் துண்டையும் பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு என்ன இடமோ அதே இடம். விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னால் விளையாட்டாக எடுத்தேன் என்று சொல்லி நிற்க முடியாது.


வர்க்கிக்கடை (குன்னூர்):

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட்டோம். லட்சத்தீவுதான், பிப்ரவரி, போவதும் வருவதும் கப்பல். மனைவி டாக்டரிடம் கேட்டாள், ஸ்கூபா கூடாது, லைஃப் ஜாக்கெட்டோடு லகூனில் மிதக்கலாம், இன்ஹேலர் படகில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம், நீங்கள் இருவரும் கீழே போங்கள், நான் மேலே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். எனக்கும் மகளுக்கும் ட்ரையல் டைவ். கூடலூர்த் தங்கச்சி கோபித்துக்கொள்ளக்கூடாது, மகள் பெரியவளாகி சான்றிதழ் படிக்கும்போது ஹேவ்லாக்குக்கே அனுப்புகிறேன்.

நேற்று மேட்டுப்பாளையத்துக்கு மைதா எடுக்கப் போனபோது ஒவ்வொரு வளைவிலும் மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டே போனேன். டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். கல்லாறு வரும்போது இரண்டு காதும் தெளிவாக இருந்தது, இத்தனை வருடத்தில் முதல்முறை.

அரவங்காடு சார், ஒரே ஒரு கேள்வி. தீவில் இருப்பவர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சம் வர்க்கி எடுத்துப் போகலாம் என்று ஆசை. கப்பல் காற்றில் நமத்துப்போகுமா?


அரவங்காடு_பென்ஷன்:

நமத்துப்போகும் தம்பி. நாங்கள் கொண்டுபோனது கவரத்தி போவதற்குள் ரஸ்க்கும் இல்லை ரொட்டியும் இல்லை என்று ஆகிவிட்டது. தகர டின்னில் போட்டு மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் கொண்டுபோங்கள். சுட்ட அன்றே அடைக்க வேண்டாம், சூடு நன்றாக ஆறட்டும்.


கூடலூர்ப்பொண்ணு:

கோபம் எல்லாம் இல்லை அண்ணா, ஹேவ்லாக்குக்கும் ஒரு டின் அனுப்பினால் போதும்.